வெறும் நாடி

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழரைக்கு அறையைத் திறந்து வைத்தேன். பத்து மணி வரை ஒரே ஒருவர் வந்தார். அவரும் மயில்சாமியின் இடம் எங்கே என்று கேட்கத்தான் வந்தார். அடுத்த சந்தில், செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசல் என்றேன். “ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்றார். எங்கள் சிகிச்சையாளர் பேரவையின் மூன்றாம் விதிப்படி அக்குபங்சர் செய்பவர்கள் தம்மை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மற்றவர் சொன்னாலும் திருத்த வேண்டும். திருத்தினேன். அந்த மனிதர் தப்பான கதவைத் தட்டியவர்போல் விழித்துவிட்டுப் போனார்.

சிங்காநல்லூரில் இத்தனை தெருக்கள் இருக்க, என் அறைக்கு நூறடி தூரத்தில்தான் அவன் இடம் பிடிக்க வேண்டுமா? கேட்டதற்கு, “நீங்க பக்கத்துல இருந்தா எனக்கொரு தெகிரியமுங்க சார்” என்றான். அது நடந்து ஆறு வருடம். அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்கு நாற்காலிகள் காலியாகிவிட்டன.

நான் தாவரவியலில் எம்.ஃபில். எனக்கு வர வேண்டிய கல்லூரி வேலை தாளாளரின் மருமகனுக்குப் போனது. நேர்காணலில் உட்கார்ந்திருந்த நான்கு பேரின் பெயரையும் இன்றும் வரிசையாகச் சொல்வேன். மயில்சாமி பத்தாம் வகுப்பு. மில் மூடியதும் வேறு வழியில்லாமல் அக்குபங்சர் டிப்ளமோ வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். புள்ளிகளின் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்து அவனைத் தேற வைத்தவன் நான்.

பேரவைக்கு முப்பத்தொரு நடத்தை விதிகளை எழுதியதும் நான்தான். “வெளியார் வந்து நம் கையைக் கட்டுவதற்கு முன் நாமே நம் கைக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம்” என்று கூட்டத்தில் பேசினேன். இருநூறு பேரும் கைதட்டினார்கள். பிறகு பொன்னாடையை எடுத்துப் போய் மயில்சாமிக்குப் போர்த்தினார்கள். அதிக மக்களுக்குச் சேவை செய்தவராம்.

மார்ச் 5, வியாழன்

என் மனைவி ருக்மணியின் தலைவலி குறைந்திருக்கிறது. தைலப் புட்டி மூன்று வாரமாகத் திறக்கப்படவில்லை. தை மாதம் நான் போட்ட ஊசி இப்போது வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். சில உடம்புகளுக்குத் தாமதமாகும்.

இன்றும் பள்ளியில் ஆசிரியர் கூட்டமாம், ஆறரைக்குத்தான் வந்தாள். வியாழன்தோறும் என்ன கூட்டமோ. அப்பளம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

பேரவைக்குப் புகார் வந்திருக்கிறது. ஒழுங்குக் குழுவின் செயலர் என்பதால் தபால் ‘செயலர் தெய்வசிகாமணி’ என்று என் முகவரிக்கு வரும்.

எழுதியவர் சுகந்தி என்ற பெண். தகப்பனார் வெள்ளிங்கிரி, ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர், பத்து வருடமாகச் சர்க்கரை நோய். வைத்தியர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலில் இருந்த சிறு புண் பெரிதாகி, காய்ச்சல் கண்டு, பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள். “இதற்குக் காரணம் சிங்காநல்லூர் மயில்சாமி. அவர் பெயரை உங்கள் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும்.”

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வருத்தமான விஷயம்.

தலைவர் ஆசீர்வாதத்துக்கு போன் செய்தேன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்று, பாத அழுத்தச் சிகிச்சை செய்பவர்.

“மயில்சாமியா? இருக்காதுங்க சார். அவன் ஈயக்கூட ‘போங்க’ன்னு சொல்லித்தான் வெரட்டுவான்.”

“ஈயை விரட்டுவதற்கு விதி எதுவும் நான் எழுதலீங்க. ஏழாவது விதியைப் பாருங்க.”

ஏழாவது விதி எனக்கு மனப்பாடம். மருத்துவர் கொடுத்த மருந்தை நோயாளி நிறுத்தும்படி சொல்லாலோ, சைகையாலோ, மௌனத்தாலோ எந்தச் சிகிச்சையாளரும் காரணமாக இருக்கக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் பதிவு நீக்கம். ‘மௌனத்தாலோ’ என்பதை வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். நான் விடவில்லை.

பதிவு போனால் அவன் பலகை வைக்க முடியாது. எங்கள் ஆட்கள் யாரும் அவனிடம் ஒருவரையும் அனுப்ப மாட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிடும்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரி கேண்டீனில் சுகந்தியைப் பார்த்து வாக்குமூலம் எழுதிக்கொண்டேன். முப்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அழவில்லை, கோபமாக இருந்தாள்.

“மாத்திரைய ஏப்பா நிறுத்துனேன்னு கேட்டா, வைத்தியர் சொன்னாருங்கறாரு. அதுக்கு மேல வாயத் தொறக்கல. நான்தானுங்க வண்டில கூட்டீட்டுப் போயி அந்தாளு வாசல்ல எறக்கி உட்டேன். மூணு வாட்டி.”

“உள்ளே என்ன பேசினாங்கன்னு நீங்க கேட்டீங்களா?”

“நான் வேலைக்குப் போகோணுமே சார். எறக்கி உட்டுட்டுப் போயிருவேன்.” பிறகு என்னையே பார்த்தாள். “உங்க ஆளத்தான் நீங்க காப்பாத்துவீங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப் போட்டேன்.”

“அம்மணி, இந்த விதிகளை எழுதினவன் நான். யாரா இருந்தாலும் விட மாட்டேன்” என்றேன். அப்போதுதான் அவள் டீயைக் குடித்தாள்.

அப்பாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். நோயாளி ஓய்வில் இருக்கட்டும் என்று சொல்லி வந்துவிட்டேன். வெள்ளிங்கிரி என்ற பெயரில் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மார்ச் 14, சனி

மயில்சாமி பதில் கொண்டுவந்தான். தபாலில் அனுப்பலாம். அவன் நேரில்தான் வருவான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, என் அறையைக் கோயில்போல் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உக்காரு மயில்சாமி.”

“இருக்கட்டுங்க சார். பதில் எழுதீருக்கறனுங்க. ஊட்டுல பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சு. எழுத்துப் பெழ இருந்தா நீங்களே திருத்திக்குங்க.”

“குற்றம் சாட்டப்பட்டவன் பதிலைச் செயலர் திருத்த முடியாது.”

“அதுஞ் சரிதானுங்க.” சிரித்தான். “கூடவே மொதநா அட்டையும் வெச்சிருக்கறனுங்க. படிச்சுப் பாத்துட்டு வெச்சுடுங்க சார்.”

முதல்நாள் அட்டையும் என் ஏற்பாடுதான். நாங்கள் நாடியைப் பிடித்துத்தான் உடம்பை அறிகிறோம். நோயின் பெயரைக் கேட்பதில்லை, ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை. அதுதான் எங்கள் பெருமை. ஆனால் நோயாளி என்ன மருந்து சாப்பிடுகிறார், இதற்கு முன் யாரிடம் பார்த்தார் என்பதையாவது முதல் நாளே எழுதி அவர் கையெழுத்தை வாங்க வேண்டும் என்று பதினாறாம் விதியில் வைத்தேன். பாதிப் பேர் எழுதுவதில்லை. மயில்சாமி எழுதுகிறான், சுவரில் கரிக்கட்டியால் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில்.

போகும்போது, “அந்தப் பெரியவரு காலு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டான். தன் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நடிப்பைத்தான் ஊர் நம்புகிறது.

மார்ச் 15, ஞாயிறு

அட்டையைப் படித்தேன்.

அதில் வரிசை எண் இல்லை. பதினாறாம் விதியின் உட்பிரிவுப்படி வரிசை எண் இல்லாத அட்டை ஆவணமாகாது. எனவே கோப்பில் சேர்க்காமல் என் மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறேன்.

இந்த நாட்குறிப்பு எனக்காக எழுதுவது என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன். வெள்ளிங்கிரி என்று ஒருவர் ஜனவரியில் என்னிடம் வந்தது உண்மை. முழங்கால் வலி. மடியில் ஒரு பை மாத்திரை. எங்கள் வழியில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: மாத்திரை உடம்பில் இருக்கும்போது நாடி அதன் குரலில்தான் பேசும், நாளைக் காலையில் மாத்திரை போடாமல் வாருங்கள், வெறும் நாடியைப் பார்ப்போம் என்று. மறுநாள் வந்தார். நாடி பார்த்தேன், ஓர் ஊசி போட்டேன். அப்போது பேரவை ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும் அவசரம், பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன். வரவில்லை. இரண்டு முறை வந்தவரை என் நோயாளி என்று சொல்ல முடியாது.

நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் காலை போடாமல் வரச் சொன்னேன். மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேனா என்றால், அது சொல்லாமலே புரிய வேண்டிய விஷயம்.

அவருக்கு நான் முதல்நாள் அட்டை எழுதவில்லை. ஆண்டறிக்கை வேலை.

மார்ச் 19, வியாழன்

அப்பளம் வாங்கப் போனவன் அடுத்த சந்து வழியாகத் திரும்பினேன். மயில்சாமி வாசலில் நாற்பது ஐம்பது செருப்புகள். அவற்றில் ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். இடது வார் அறுந்து, போன மாதம் நான்தான் தைக்கக் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். ஆறரைக்கு வந்தாள்.

“கூட்டம் முடிஞ்சுதா?”

ருக்மணி என் முகத்தைப் பார்த்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். “பாத்துட்டீங்களாக்கும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம். தலவலி போயிருச்சு. சொன்னா உங்களுக்குத் தலவலி வருமேன்னு சொல்லல.”

“என்கிட்ட இல்லாத எந்த ஊசி அவன்கிட்ட இருக்குது? அதே புள்ளி, அதே ஊசி. நான் சொல்லிக் கொடுத்தது.”

“ஊசியே போடலீங்க. கால் மணி நேரம் நாடியப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. ஒண்ணும் பேசறதில்ல. அழுகாச்சி வந்துச்சு, அழுதேன். அவ்வளவுதான்.” சமையலறைக்குப் போனவள் நிலைப்படியில் நின்றாள். “நீங்களும்தான் நாடி பாக்கறீங்க. கண்ணு கடியாரத்துல இருக்கும். இல்லீன்னா, அடுத்த சந்துல எத்தன பேரு போறாங்கன்னு ஜன்னல்ல இருக்கும். உங்க முப்பத்தோரு விதியில பொண்டாட்டி கையப் புடிக்கறதுக்கு ஒண்ணு எழுதியிருக்கலாமுங்க.”

ஒழுங்குக் குழு உறுப்பினரின் குடும்பத்தாருக்கு, விசாரணையில் இருக்கும் சிகிச்சையாளர் சிகிச்சை தருவது முறையா என்று விதிகளில் தேடினேன். இல்லை. சேர்க்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

விசாரணை. ஆசீர்வாதம் வீட்டு மாடியில். குழுவில் மூன்று பேர்: அவர், உடம்பில் கிண்ணம் கவிழ்த்துக் கப்பிங் சிகிச்சை செய்யும் நூர்ஜஹான், நான். மயில்சாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். மடிப்பு விழுந்த இடத்தில் நீலம் திட்டாக இருந்தது.

சுகந்தியின் வாக்குமூலத்தைப் படித்தேன். நூர்ஜஹான் நேரடியாகக் கேட்டார்.

“அண்ணே, மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களா, இல்லியா?”

“இல்லீங்கம்மா. அவரு வரும்போதே மாத்திர நிறுத்தி இருவது நாளுங்க. இன்னிக்கே போடுங்க, கால டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொன்னேன். ஊசியே போடலீங்க. ரெண்டாந்தரம் வந்தாரு, அதையேதான் சொன்னேன். மூணாந்தரம், டாக்டரப் பாக்காம இங்க வராதீங்கன்னு சத்தம் போட்டுட்டேன். அது தப்புதானுங்க. நானே கூட்டீட்டுப் போயிருக்கோணும்.”

“அவங்க மககிட்ட ஏன் சொல்லல?”

“அது எறக்கி உட்டுட்டுப் போயிரும்மா. நான் பாத்ததே இல்ல.”

ஆசீர்வாதம் கண்ணாடியைத் துடைத்தார். “முன்னாடியே நிறுத்தியிருந்தாருன்னா யாரு சொல்லி நிறுத்துனாரு? அட்டை எழுதுனியா?”

“எழுதியிருக்குதுங்க. பதிலோட சேத்து சார் கையில குடுத்தனுங்க.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“கோப்பில் அட்டை எதுவும் இல்லை” என்றேன். அது உண்மை. கோப்பில் இல்லை.

மயில்சாமி என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழே யாரோ பிரஷர் குக்கரைத் திறந்தார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “அப்ப நான்தான் எங்கியோ வெச்சுட்டன் போலிருக்குதுங்க.”

“யாரு நிறுத்தச் சொன்னாங்கன்னாவது வாயால சொல்லுங்கண்ணே” என்றார் நூர்ஜஹான்.

“அட்டையில்லாம இன்னொருத்தர் பேரச் சொன்னா நல்லாருக்காதுங்க.”

இருவரும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை. கடைசியில் ஏழாம் விதியின்படி இரண்டு வருட நீக்கம் என்று முடிவானது. நூர்ஜஹான் முடிவுக் குறிப்பில் கையெழுத்துப் போடும்போது பேனாவை மேசையில் எறிந்தார். இறுதி ஆணையை நான் எழுதி ஏப்ரல் ஐந்தாம் தேதி வைக்க வேண்டும்.

ஒரு பெயர்தான். நான்கு பேர் நடுவில் அந்தப் பெயரை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேயும் என்னைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் அவனுக்கு.

மார்ச் 23, திங்கள்

ஆணையின் முதல் வரைவை எழுதினேன். நடை நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

ஆணை வருவதற்கு முன்பே மயில்சாமி கதவைப் பூட்டிவிட்டான். வருகிறவர்களை, “நூறடி தள்ளிச் சார் இருக்காரு, எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவருதான்” என்று என்னிடம் அனுப்புகிறான். ஐந்து நாளாக என் அறையில் உட்கார இடமில்லை. நாற்காலிகள் போதாமல் ருக்மணியின் பள்ளியிலிருந்து பெஞ்சு கேட்டேன். அவள் முடியாது என்றாள். அதற்கு மேல் அவள் என்னிடம் பேசுவதில்லை.

இதைத்தான் ஆறு வருடமாக விரும்பினேன். நாடியைப் பிடித்த உடனே ஆரம்பிக்கிறார்கள். “மயிலண்ணன் எந்தக் கைய மொதல்ல புடிப்பாரு தெரியுங்களா?” “அவரு கை சூடா இருக்குமுங்க.” “அவரு எப்ப தொறப்பாரு?” பூ விற்கும் ஒரு பெண்மணி கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, “நான் அப்பறம் வரனுங்க, அவரு வந்தப்பறம்” என்று எழுந்து போனார். இன்று அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். அறுபத்திரண்டு பேரும் அவனுடைய ஆட்கள்.

கை சூடாக இருக்குமாம். மாலையில் என் கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லார் கையையும்போலத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

ஆசீர்வாதம் போன் செய்தார்.

“சார், எனக்கு மனசு ஒப்பல. மக எழுதுனதுதான் நம்ம கையில இருக்குது. அந்தப் பெரியவரு வாயால ஒரு வார்த்த வாங்கி, கையெழுத்தும் வாங்கீட்டு வந்துருங்க. இல்லாம நான் ஆணையில கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நோயாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னு பார்த்தேன்.”

“பாதிப் பாதமே போயிருச்சாம் சார். இதுக்கு மேல என்னங்க தொந்தரவு?”

விரல்களோடு நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஏப்ரல் 4, சனி

வெள்ளிங்கிரி வீட்டுக்கு வந்துவிட்டார். ஒண்டிப்புதூரில் மகள் வீடு. போகும்போது என்ன கேட்பது என்று எழுதி வைத்திருந்தேன். ‘தங்களுக்குச் சிகிச்சை அளித்து வந்த மயில்சாமி என்பவர்’ என்று தொடங்கி, ஆமாம் என்று மட்டும் பதில் வரும்படி நான்கு கேள்விகள். நான் நன்றாக எழுதக்கூடியவன்.

சுகந்தி கதவைத் திறந்தாள். “அப்பா, ஆபீசர் வந்திருக்காரு.” பால் வாங்கக் கடைக்குப் போனாள்.

கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் கட்டுப் போட்டு, தலையணை மேல் இருந்தது. பாதம் இருக்க வேண்டிய நீளம் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“சார், நீங்களா? எனக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா?”

“என்னை ஞாபகம் இருக்குதா?”

“மறப்பனுங்களா? சுவத்துல சர்ட்டிபிகேட்டா மாட்டி வெச்சிருந்தீங்களே.” குரலைத் தாழ்த்தினார். “அட்டைக்குக் கேட்டாருன்னு மயில்சாமிகிட்டச் சொன்னதோட சரிங்க, வேற யார்ட்டயும் உங்க பேர நான் சொல்லலீங்க. பொண்ணுகிட்டயும் சொல்லல. அவ வாய் சும்மா இருக்காது. போலீசு கீலீசுன்னு உங்குளுக்குத் தொந்தரவாயிரும்.”

நான் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“ரெண்டாவது நாளுக்கப்பறம் ஏன் என்கிட்ட வரலீங்க?”

“வந்தனுங்க. ரெண்டு நா வந்தேன். நீங்க எழுதிட்டு இருந்தீங்க. நிமிந்து பாக்கல. படிக்கறவரத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிட்டேன். அப்பறந்தான் பொண்ணு அங்க கூட்டீட்டுப் போனா.”

“மயில்சாமி மாத்திரை போடச் சொன்னாரே?”

“சொன்னாருங்க. மூணு தரமும் சொன்னாரு. கோவிச்சுக்கிட்டாரு.” சிரித்தார். “ஆனா அவரு பத்தாவதுங்க. மில்லுல இருந்தவரு. என்னய மாதிரிச் சாதாரண ஆளு. நீங்க படிச்சவரு. வெறும் நாடியாத்தான் இருக்கோணும்னு நீங்க சொல்லியிருக்கறப்ப, அவரு பேச்சக் கேட்டு மாத்திரையப் போடச் சொல்றீங்களா? உங்க பேச்சத்தான் கேட்டனுங்க.”

சுகந்தி பாலோடு வரும் சத்தம் கேட்டது. “கையெழுத்து வாங்கீட்டீங்களா சார்?” என்றாள். தேவையில்லை என்றேன். டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். குடித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். இந்த ஊரில் ஒருவர், ஒரே ஒருவர், மயில்சாமியை விட்டு என்னை நம்பியிருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனால் வந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். இதுவரை இந்த நோட்டில் நான் எழுதிய எல்லாவற்றையும்விட இதை எழுதத்தான் கை வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆசீர்வாதம் வீட்டு மாடி. நூர்ஜஹான் முன்பே வந்திருந்தார். ஆணையைக் கையில் வாங்க மயில்சாமியை வரச் சொல்லியிருந்தார்கள். அதே வெள்ளைச் சட்டை.

ஆணைக்குப் பதிலாக அட்டையை மேசையில் வைத்தேன். ஆசீர்வாதம் வாய்விட்டுப் படித்தார். ‘சர்க்கரை மாத்திரை இருபது நாளாக இல்லை. முன்பு பார்த்தவர் தெய்வசிகாமணி சார். வெறும் நாடிக்கு நிறுத்தச் சொன்னாராம். இன்றே தொடங்கச் சொன்னேன். காலில் புண். டாக்டரிடம் போகச் சொன்னேன். ஊசி போடவில்லை.’ கீழே வெள்ளிங்கிரியின் கையெழுத்து.

“இது உங்க கைக்கு எப்ப வந்துச்சு சார்?”

“மார்ச் பதினாலு. அவன் கொடுத்த அன்றைக்கே.”

நூர்ஜஹான் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். மயில்சாமிதான் பேசினான். “சாருக்கு வேல சாஸ்திங்க. மாறிப் போயிருக்கும்.”

“நீ சும்மா இரு” என்றேன். சத்தமாகத்தான் வந்தது. “அன்னிக்கு ஏன் சொல்லல? என் மேல இரக்கமா?”

“இரக்கமெல்லாம் இல்லீங்க சார்.” அவனுக்கும் முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. “நீங்க எழுதுன விதி. நீங்களே எடுத்து வெப்பீங்கன்னு இருந்தேன். பதிமூணு நாளு கதவச் சாத்தீட்டு ஊட்டுல இருந்தனுங்க. நாளைக்கு வெப்பாரு, நாளைக்கு வெப்பாருன்னு.”

ஆசீர்வாதம் புதுத் தாளை எடுத்தார். மயில்சாமி மீதான புகார் தள்ளுபடி. ஏழாம் விதி, பதினாறாம் விதி, ஆவணத்தை மறைத்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தெய்வசிகாமணியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கம். சுகந்திக்குக் குழு நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் போகிறேன் என்றேன். அவள் என்ன செய்தாலும் சரி.

‘மறைத்ததற்கான காரணம்’ என்ற இடத்தில் ஆசீர்வாதத்தின் பேனா நின்றது.

“என்னன்னுங்க சார் எழுதறது?”

“பொறாமை.”

“அப்படியொரு குத்தம் நம்ம விதியில இல்லீங்களே?”

“நான்தானே எழுதினேன். விட்டுப்போச்சு.”

அவர் அதை எழுதவில்லை. நல்ல மனிதர். ‘பணிச்சுமை’ என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார். நான் அதை அடித்துவிட்டு, மேலே சரியான சொல்லை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.